சோறு கிளம்பிருச்சு

எங்கள் வீட்டில் சோற்றுக்குச் சாதம் என்று பெயர். திண்டுக்கல்லில், அதுவும் எங்கள் தெருவில், சாதம் என்று சொல்கிறவள் கொஞ்சம் மண்டைக்கனம் பிடித்தவள் என்றுதான் அர்த்தம். வடமதுரையிலிருந்து வரும்போதெல்லாம் என் மூத்த நாத்தனார், "ஏன் டீச்சரு, சோறுன்னு சொன்னா வாய் வெந்துருமா?" என்று கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொல்ல முடியாது. சோறு என்பது என் கணவர் காவல் காத்த தலைவரின் பெயர்.

என் கணவர் போலீஸ்காரர். ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் வாங்குகிற போலீஸ் இல்லை. சபாரி சட்டைக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு தலைவருக்கு இரண்டடி பின்னால் நடக்கிறவர். நான் நடத்தும் பாடப்புத்தகத்தில் மெய்க்காப்பாளர் என்று போட்டிருக்கும், ஊரில் கன்மேன் என்பார்கள். தலைவர் எந்தக் கட்சி, என்ன பதவி என்று கேட்க வேண்டாம். சொன்னால் திண்டுக்கல்லில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள், மீதிப் பேர் பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

இந்த மாதிரி ஆட்களை ஃபோனில் பேர் சொல்லிப் பேசக்கூடாது. இன்னார் இந்த இடத்தைத் தாண்டிவிட்டார் என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழும். அதனால் ஆபீசிலிருந்தே ஒரு ரகசியப் பெயர் கொடுத்திருந்தார்கள். கம்பீரமான இங்கிலீஷ் பெயர். ஒரே மாதத்தில் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் தெரிந்துபோனது. தலைவரின் டிரைவரே பெருமைக்காக அவிழ்த்துவிட்டார் என்று கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் வடமதுரையில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் எள் போட்டால் விழாது. தலைவரை மேடைக்குக் கொண்டுபோக இவரும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும், "நகருங்க, நகருங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அப்போது சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு, "சோறு வருது, சோறு வருது, வழி விடு" என்று ஒரு சத்தம் கொடுத்தார்களாம். கூட்டம் செங்கடல் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. இவர்கள் அண்டாவுக்குப் பின்னாலேயே தலைவரை நடத்திக்கொண்டு போய் மேடையேற்றிவிட்டார்கள்.

அன்றைக்கே மூன்று பேரும் கூடி முடிவு செய்துவிட்டார்கள். தலைவர், சோறு. அவர் மனைவி, வெஞ்சனம். எங்கள் பக்கம் சோற்றோடு தொட்டுக்கொள்ள வைப்பதையெல்லாம் வெஞ்சனம் என்போம், அது சோற்றை விட்டுத் தனியாக எங்கும் போகாது. அந்த அம்மாவும் அப்படித்தான். மருமகன், ஊறுகாய். இலையில் ஓரமாக இருந்தாலும் சுள்ளென்று இழுக்கிற ஆள். இவர்கள் போய் இடத்தைச் சோதித்து முடித்தால் "இலை போட்டாச்சு". தலைவர் புறப்பட்டால் "சோறு கிளம்பிருச்சு". அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதும் இவர்கள் வேலை முடிந்தால் "கை கழுவியாச்சு".

வெளியாட்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வம்புதான் வேறு திசையிலிருந்து வந்தது. சின்னாளப்பட்டியில் ஒரு மண்டபத்து வாசலில் நின்று இவர் ஃபோனில், "சோறு வர இன்னும் ஒரு மணி நேரமாகும்" என்று சொன்னதை மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டுவிட்டார். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரம் அது. "எங்க ஆளுகளப் பட்டினி போடவா கூட்டியாந்தீக?" என்று அவர் பெண் வீட்டாரிடம் பாய, இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். காரணத்தையும் சொல்ல முடியாமல், கையையும் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல், இவர்தான் இரண்டு பக்கமும் கெஞ்சிச் சமாதானம் செய்து வைத்தாராம்.

இதெல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாத பேச்சு. ஆனால் ஃபோன் வீட்டுக்குள்தானே அடிக்கிறது. நான் வேலை பார்க்கிற பள்ளியில்தான் மகளும் ஒன்றாம் வகுப்பு படித்தாள். உங்கப்பாவுக்கு என்ன வேலை என்று அவளுடைய டீச்சர் கேட்டதற்கு, "சோத்தப் பாத்துக்கிறாரு" என்றிருக்கிறாள். "எந்தப் பிரியாணிக் கடை பாப்பா?" என்று அவர் கேட்டது இடைவேளைக்குள் ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிட்டது. அன்று மாலையே நான் சட்டம் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் தட்டில் விழுவது சாதம். மற்றது என்னவோ அது அவர்கள் பாடு.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, எனக்கு அந்தத் தலைவரைக் கண்டால் ஆகாது. எனக்கு ஒரு சக்களத்தி இருந்தால் அது அவர்தான். கிறிஸ்துமஸ் பூசைக்கு நானும் மகளும் மட்டும் போவோம், ஏனென்றால் சோறு கொடைக்கானலில் இருக்கும். மகள் கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றைக்குச் சோறு மதுரையில் இருந்தது. சாயங்காலம் ஃபோன் வரும். "சோறு இங்கதான் தங்குது டீச்சர்" என்றால் வரமாட்டார். "கை கழுவியாச்சு, வாரேன்" என்றால் வருவார். அவரும் ஊரோடு சேர்ந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அந்த "வாரேன்" காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் பாவாது. கொல்லைக்கும் வாசலுக்கும் காரணமில்லாமல் நடப்பேன்.

வந்தவர் முழுசாக வந்தாரா என்றால் அதுதான் இல்லை. எங்கள் வீட்டில் வாசல் கதவைத் திறந்தால் நேரே சாப்பாட்டு மேசை. எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒன்று வாசலைப் பார்த்தது, மற்றது வாசலுக்கு முதுகு காட்டியது. அவர் எப்போதும் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். நான் எதிரே. அவர் கண் என் தோளுக்கு மேலே ஏறிப்போய் வாசலில் நிற்கும். தெருவில் சைக்கிள் போனால் அவர் கண்ணும் கூடப் போகும். சாப்பாட்டு ஜெபத்தைக் கூடக் கண்ணைத் திறந்துகொண்டே சொல்கிற கிறிஸ்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வேளை அவர் வாசலை மறந்து, என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். புதுச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், "கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிற பைக்கு யாருது?" என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது? ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் மேசையையே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். வந்தார், பார்த்தார். தட்டைக் கையில் எடுத்து, வாசலைப் பார்த்து நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். மறுநாள் நானே மேசையைப் பழையபடி இழுத்துப் போட்டேன்.

"எதுக்குங்க இப்படி? நம்ம வீட்டுக்கு எவன் வந்து யாரச் சுடப் போறான்?" என்று கேட்டால், "பழகிப்போச்சு டீச்சர். கண்ணு அதுவாப் போகுது" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. பொய்யில்லாததால்தான் எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

தலைவருக்குக் கடைசி வரைக்கும் தன் பெயர் சோறு என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரு நாள் வந்தது. அன்று காலையில் நான் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தேன். இவர் அதைக் காரில் முன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். தலைவர் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், முன்னால் போன வண்டிக்கு, வழக்கம் போலக் குரலைத் தாழ்த்தி, "சோறு வண்டில ஏறிருச்சு" என்று சொன்னார். அன்றைக்கு அது போதுமான அளவு தாழவில்லை போலிருக்கிறது.

பின்னாலிருந்து தலைவர், "ஏறுனதுதான் வாசத்துலயே தெரியுதேப்பா. என்ன குழம்பு?" என்றாராம்.

இவருக்கு வேர்த்துவிட்டது. கருவாடுங்கய்யா என்று சொல்லியிருக்கிறார். தலைவர், "டாக்டரு வேணாங்கிறான். வீட்டுல வாசமே ஆகாதுங்கிறா. பெரிய மனுசங்க வீட்டுக்குப் போனா முந்திரிப்பருப்பாப் போட்டுக் கொல்றாங்ய. குடுப்பா இங்கிட்டு" என்று கை நீட்டினாராம். தாடிக்கொம்பு தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, டப்பாவை வழித்து விரலைச் சூப்பியிருக்கிறார். இவர் வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அன்று முழுவதும் பட்டினி.

காலி டப்பாவோடு வந்து, "நல்லாருந்துச்சுன்னு ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாரு" என்றார். நான் எரிந்து விழுந்தேன். உங்களுக்குக் கட்டிக் கொடுத்ததை அந்த ஆளுக்குப் போடத்தான் நான் காலையில் எழுந்து கருவாடு அலசினேனா என்று கத்தினேன். கத்தி முடித்துவிட்டு, மறுநாளிலிருந்து டப்பாவைப் பெரிதாக்கினேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இவர் எதிரில் உட்கார்ந்து ருசி சொன்னதில்லை. சொல்லியனுப்பிய ஒரே ஆள் அந்தத் தலைவர். சக்களத்திக்குச் சமைத்துப் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு காலம் மாறியது. கட்சிக்குள் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை, புரிந்தாலும் எழுதமாட்டேன். முதலில் சுவரொட்டிகளில் தலைவரின் படம் சின்னதானது, அப்புறம் காணாமல் போனது. வாசலில் கார்கள் குறைந்தன. ஒரு நாள் சர்க்கார் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லோரும் அவரைக் கை கழுவிவிட்டார்கள் என்று ஊரே பேசியது.

கழுவாத ஆள் எங்கள் வீட்டில் இருந்தார். அன்றைக்குத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு மத்தியானமே வந்து சேர்ந்தார். இனிமேல் ஆபீஸ் வேலை, காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம். நான் கேட்டு வாங்காத வரம். எனக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "அப்ப இனிமே கை கழுவியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பொறுப்ப வாங்கிக்கிற அடுத்த ஆளு வந்தாத்தான் அப்படிச் சொல்லணும் டீச்சர். இன்னைக்கு யாரும் வரல" என்றார்.

அதோடு அந்த வார்த்தை எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அவர் தினமும் வீட்டில் இருந்தார், வாரேன் என்று ஃபோனில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே பார்த்துச் சாப்பிட்டார். முன்பாவது வேலை நிமித்தம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இப்போது எதற்காகப் பார்க்கிறார்? அவர் தூரத்தில் இருந்தபோது ஏங்கியதை விட, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது அதிகமாக ஏங்கினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் வீட்டிலேயே இருக்கிறார் என்று புகார் சொன்னால் நாத்தனார் என்னைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்கச் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "தேங்கா வாங்கப் போறேன்" என்று பைக்கை எடுப்பார். தலைவர் அப்போது தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் தன் தோப்பு வீட்டில் இருந்தார். கூட அந்த அம்மா மட்டும். ஊறுகாய் எப்போதோ வேறு இலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அம்புட்டுத் தேங்காய் எதற்கு? சமையல்கட்டில் குவிந்து கிடந்தது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். "போறதுதான் போறீங்க, இதையும் கொண்டு போங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பெரிய டப்பாவை எடுத்துக் கையில் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் டப்பா போனது, தேங்காய் வந்தது.

அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "ஒன்னுமில்ல. அய்யா பேப்பரு படிப்பாரு. நான் நிப்பேன்" என்றார். உட்காரச் சொல்லமாட்டாரா என்றேன். "சொல்வாரு. எனக்கு வராது."

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஃபோன் அடித்தது. கூட வேலை பார்த்த இரண்டு பேரில் இளையவர். சத்தமாகப் பேசுகிற ஆள், மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"அண்ணே. சோறு கிளம்பிருச்சுண்ணே."

இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு கை தன்னையறியாமல் இடுப்பைத் தடவியது. "எந்த ரூட்டு?" என்று கேட்டார்.

அந்தப் பக்கமிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது. இவர் அப்படியே நின்றார். அவருக்குப் புரிவதற்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கி வைத்தேன்.

மகளைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு இருவருமாகத் தோப்பு வீட்டுக்குப் போனோம். திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் மாலையோடு வந்திருந்தார்கள். கேட்டில் நின்ற போலீஸ்காரருக்கு இவரைத் தெரியவில்லை. "நீங்க யாரு சார்? தள்ளி நில்லுங்க" என்றார். இவர் தள்ளி நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அந்த அம்மா பார்த்துவிட்டார். "அவன உள்ள விடுங்கப்பா. அவன் நிக்கிற எடம் எங்கன்னு அவனுக்குத் தெரியும்" என்றார். அந்த அம்மாவுக்குத் தன் பெயர் வெஞ்சனம் என்று தெரியாது. சோறு போன பிறகு வெஞ்சனத்துக்கு என்ன வேலை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவரை நான் அழவில்லை.

இவர் போய்த் தலைமாட்டுக்கு இரண்டடி பின்னால் நின்றார். அழவில்லை. வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக அந்த அம்மா, "நீயும் போடுப்பா" என்றார். எங்கள் வழக்கத்தில் அது கிடையாது. இவர் தட்டிலிருந்து அரிசியை எடுத்தார். அந்த வாய்க்கு எத்தனை நாள் என் டப்பா போயிருக்கிறது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். போடும்போது அவர் கண் முதல் தடவையாகக் கூட்டத்தை விட்டு, அந்த முகத்தின் மேல் விழுந்தது.

தூக்கும்போது நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவர் கூடப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் ஃபோன் வந்தது.

"கை கழுவியாச்சு" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். அன்று அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அடுத்து வர வேண்டிய வார்த்தை வரவில்லை.

"வாரீங்களா?" என்றேன்.

"வாரேன்" என்றார்.

வந்ததும் கொல்லையில் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். ஈரத்தலையோடு உள்ளே வந்தபோது நான் ரசத்தை இறக்கியிருந்தேன். "சாதம் போடவாங்க?" என்று கேட்டேன்.

"சோறு போடு" என்றார்.

எத்தனையோ வருஷம் கழித்து அந்த வீட்டில் அந்த வார்த்தை வெறும் சோறாகத் திரும்பி வந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். என் நாற்காலியில், வாசலுக்கு முதுகு காட்டி. நான் வேறு வழியில்லாமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி ஜெபம் சொன்னார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தோளுக்கு மேலே இல்லை, முகத்தை. "நீயும் போட்டுக்க" என்றார். சிவந்துபோன கண். நான் கேட்டது இதைத்தான். இப்படிக் கேட்கவில்லை.

அவர் குனிந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நிதானமாக, அவசரமில்லாமல். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெருவில் ஏதோ பைக் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் திரும்பவில்லை. நான் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். யாரோ ஃபோன் பேசிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனார்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் நான் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.